மான் கடித்த எக்ஸ்ரே உறை

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் மான் நிற்பது வெளியூர்க்காரருக்குத்தான் அதிசயம். எங்களுக்கு அது மாடு மாதிரித்தான். கையில் வாழைப்பழமோ பாண் துண்டோ இருந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் கடதாசியையும் தின்னும். 2022 நவம்பரில் ஒரு விடியற்காலை, இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, உப்புவெளிப் பக்கம் போகும் முதல் பஸ்ஸுக்காக வாங்கில் இருந்தேன். இவர் தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தார். மடியிலிருந்து வழுக்கி வாங்கு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பெரிய பழுப்பு உறையை ஒரு மான் பிடித்து இழுத்தது. நான் திரும்புவதற்குள் மூலையில் ஒரு கடி போய்விட்டது. உள்ளே இருந்த படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் படத்திலும் கொம்புதான் இருந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, கீழே ஒன்றாகத் தொடங்கி மேலே இரண்டாகப் பிரிந்து வெளிப்பக்கமாகச் சாயும் இரண்டு கொம்புகள். அது என் கருப்பை. கூட இருந்த தாளில் 'செப்டேட் யூட்டரஸ்' என்று எழுதியிருந்தது. அதாவது கருப்பைக்குள் நடுவில் ஒரு தடுப்புச்சுவர். இரண்டு வாரத்தில் வந்தால் அந்தச் சுவரை வெட்டிவிடலாம், வயிற்றில் கத்தி படாது, பிறகு பிள்ளை தங்கும் என்று சொல்லி, படம் எடுத்த தனியார் வைத்தியசாலையில் அதற்குத் தவணையும் தந்திருந்தார்கள். அந்தப் பெயர் பிழை என்று எனக்குத் தெரிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

கல்யாணமாகி அடுத்த வருடமே, 2020 இல், முதல் பிள்ளை ஒன்பதாம் கிழமையில் கலைந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'முதல் கரு, நிறையப் பேருக்கு நடக்கிறது, அடுத்தது நிற்கும்' என்றார்கள். அது பொய்யும் இல்லை. ஆரம்பக் கிழமைகளில் ஒரு தடவை கலைந்ததற்காக எல்லோரையும் பிடித்துப் பெரிய பரிசோதனைகள் செய்வது எங்கும் வழக்கமில்லை. அந்தக் கட்டத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவதுதான் வேறு கதை. 2022 ஜூன். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலம். இருபதாம் கிழமை. பிள்ளை அசையத் தொடங்கிப் பத்து நாள் இருக்கும். அன்று பின்னேரம் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கீழே ஏதோ பாரமாக இருப்பது போலத் தோன்றியது. வலி என்று சொல்ல முடியாது. மாதவிலக்கு வரப்போகிற நாளில் இருக்குமே, அந்த மாதிரி ஓர் இழுவை. நின்று சமைத்ததால் இருக்கும் என்று படுத்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு நீர் உடைந்தது. எங்கள் ஆட்டோவில் எண்ணெய் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணா தன் மோட்டார் சைக்கிளில் இருந்ததை ஒரு சோடாப் போத்தலில் இறக்கித் தந்தார். போய்ச் சேர்ந்தோம். ஆனால் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆண்பிள்ளை. துணியில் சுற்றிக் காட்டினார்கள். விரல்களில் நகம் இருந்தது.

வெளியே வரும்போது என் கையில் தந்த துண்டில் மூன்று வரி. 'அடுத்த முறை கெதியாக வாங்க' என்று ஒருவர் சொன்னார். ஏன் நடந்தது என்று கேட்டதற்கு 'சில நேரம் காரணமே இருக்காது' என்றார். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிறகுதான் தெரிந்தது, கேட்க வேண்டிய கேள்வியை நானும் கேட்கவில்லை என்று. நாலாம், ஐந்தாம் மாதத்தில் ஒரே ஒரு தடவை போனாலும்கூட, கருப்பையின் அமைப்பை ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்பது மகப்பேற்று மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட விடயம். மூன்று தடவை போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது ஐந்தாம் மாதத்தில் போயிருந்தால், 'கருப்பையின் வடிவத்தைப் பார்த்தீர்களா டொக்டர்' என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டில் மாமி தன் பங்குக்குக் காரணம் தேடினார். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். கோணேசர் மலைக்கு ஏறினோம். ஒருவர் சாதகம் பார்த்து ஐந்தாம் இடம் சரியில்லை என்றார். மாமியை நான் கோபித்ததில்லை. அவருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். என் அம்மாவுக்கு வேறு கவலை. வெளியூரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எடுத்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து, 'உன்னை வயித்தில வச்சிருக்கேக்க நான் என்னத்தைத் திண்டன், எந்தக் குளிசையைப் போட்டன்' என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தார்.

அம்மா ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெண் சிசுவுக்குக் கருப்பை முதலில் ஒரே பையாக வருவதில்லை. இரண்டு மெல்லிய குழாய்களாகத்தான் வருகிறது. 1830 இல் அவற்றை விவரித்த ஜெர்மன்காரர் யொஹானஸ் முல்லரின் பெயரால் அவை முல்லர் குழாய்கள். தாய்க்கு இரண்டு மூன்று மாதம் நடக்கும்போது அந்தக் குழாய்கள் கீழ்ப்பக்கத்தில் ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் நடுவில் நிற்கும் சுவர் பிறகு கரைந்து போகிறது. இதில் ஏதாவது ஒரு படியில் வேலை பாதியில் நின்றால் கருப்பை வேறு வடிவத்தில் நின்றுவிடும். குழாய்கள் ஒட்டவே இல்லை என்றால் இரண்டு கருப்பை, இரண்டு கழுத்து. மேல்பாதி மட்டும் ஒட்டாவிட்டால் இரு கொம்புக் கருப்பை, அதுதான் பைகோர்னுவேட். ஒட்டிவிட்டு நடுச்சுவர் மட்டும் கரையாவிட்டால் செப்டேட். ஒரு குழாய் வளரவே இல்லை என்றால் ஒற்றைக் கொம்பு. இரண்டுமே வளராமல் போவதும் உண்டு. 4,500, 5,000 பெண்களில் ஒருவருக்குக் கருப்பையே இல்லாமல் இருக்கும். பருவத்தின் மற்ற அடையாளங்கள் எல்லாம் வந்தும் பதினைந்து பதினாறு வயதாகியும் பெரியபிள்ளையாகாத பிள்ளையை நாட்டுவைத்தியம், நேர்த்தி என்று அலைக்கழிக்காமல் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. அதற்கு இன்னும் துணிவு வரவில்லை.

இது அபூர்வமும் இல்லை. எல்லாப் பெண்களையும் எடுத்துப் பார்த்தால் நூற்றில் ஐந்தாறு பேருக்கு ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது. கரு கலைந்தவர்களை மட்டும் எடுத்தால் நூற்றில் பதின்மூன்று பேர். பலருக்குத் தெரியாமலே நாலு பிள்ளை பிறந்து பேரப்பிள்ளையும் கண்டிருப்பார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வரும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சரி, அந்தப் படம். எச்.எஸ்.ஜி. என்பார்கள். கீழ்வழியாக ஒரு மெல்லிய குழாயை வைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை உள்ளே விட்டுப் படம் எடுப்பது. மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவரும் முன், ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் போகச் சொல்வார்கள். எனக்கு வலித்தது. வலிமருந்தை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் போவதென்றால் டொக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றே இரவு பஸ் எடுத்து ஊர் வரும் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யாதீர்கள்.

சுவரை வெட்டத் தந்த தவணைக்குக் காசு கட்ட வேண்டும். மாமி தன் இரட்டைப்பட்டுச் சங்கிலியை அடகு வைக்கத் தயார். இடையில் எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாவிலிருந்து வருகிறவர். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மான் கடித்த மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாளை வாசித்தார்.

'தங்கச்சி, காசு கட்ட முதல் இதைக் கிளினிக்கில வி.ஓ.ஜி.யிட்டக் காட்டுங்க. அவர் காசு கேக்க மாட்டார்.' வி.ஓ.ஜி. என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்.

'அவங்க எடுத்த படத்தை இவர் பார்ப்பாரா மிஸ்?'

'படம் உங்கட. யார் பார்த்தா என்ன?'

இந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது. பரிசோதனை எங்கே எடுத்தாலும் படமும் அறிக்கையும் நம்முடையவை. அவர்கள் வைத்திருந்தால் கேட்டு வாங்க வேண்டும். 'செப்டேட்' என்று எழுதிய தாள் மட்டும் என் கையில் இருந்து படம் அங்கேயே இருந்திருந்தால், அடுத்த டொக்டருக்குச் சந்தேகப்படவே ஒன்றும் இருந்திருக்காது.

அரசாங்கக் கிளினிக் வி.ஓ.ஜி. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதிக நேரம் பார்க்கவில்லை. 'இதை வைத்துச் சுவரா கொம்பா என்று சொல்ல முடியாது' என்றார். நான் விளங்காமல் பார்த்தேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மருந்து உள்ளே மட்டும்தான் போகிறது. ஆகவே படத்தில் தெரிவது அறைகளின் வடிவம். இரண்டு அறை இருக்கிறது, சரி. ஆனால் அது ஒரே வீட்டில் நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரண்டு அறையா, அல்லது இரண்டு தனித்தனிக் கூரையுள்ள வீடா என்று உள்ளே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கூரையை வெளியிலிருந்து பார்க்க வேண்டும். செப்டேட் என்றால் கருப்பையின் வெளி உச்சி வழுவழுப்பாக, ஒரே வளைவாக இருக்கும். பைகோர்னுவேட் என்றால் உச்சியில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் அது கொம்பு. பார்ப்பதற்கு முப்பரிமாண ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும்.

'கொம்பு என்றால் வெட்டுவீங்களா டொக்டர்?'

'கொம்பில் வெட்டுவதற்குச் சுவர் ஏது? வெட்டப் போனால் கருப்பையை ஓட்டையாக்கிக்கொண்டு வயிற்றுக்குள்தான் போக வேண்டும்.'

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கதிரையில் இருந்தபடியே கால் குளிர்ந்தது. தவணைக்கு அப்போது ஐந்து நாள் இருந்தது.

2023 ஜனவரியில் கண்டிக்குப் போனோம். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ்ஸில் அரைநாள் பயணம். முப்பரிமாண ஸ்கேனுக்கு மாதவிலக்குக்கு முந்திய பாதியில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் உள்சவ்வு தடித்து வடிவம் தெளிவாகத் தெரியுமாம். எச்.எஸ்.ஜி.க்குச் சொன்ன நாளுக்கு நேர்மாறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்களை அங்கே கண்டேன். ஸ்கேன் செய்த டொக்டருக்குத் தமிழ் இல்லை. எனக்குச் சிங்களம் அரைகுறை. இவர் ஆட்டோ ஓட்டிப் பழகியதில் சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். ஆனால் கருப்பை, கழுத்து, மாதவிலக்கு என்று வந்ததும் வெட்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் டொக்டரே பால்பொயின்ட் பேனாவால் உறையின் பின்பக்கத்தில் ஓர் இதயம் வரைந்தார். நடுவில் பள்ளம். 'ஹதவத வகே' என்றார். இதயம் மாதிரி. பக்கத்தில் 21 என்று எழுதினார், மில்லிமீற்றர். செப்டேட் இல்லை, பைகோர்னுவேட். வெட்ட ஒன்றுமில்லை.

அதோடு நிற்கவில்லை. கருவியை என் முதுகுப் பக்கம் கொண்டுபோனார். இடப்பக்கம் தேடினார், மறுபடி தேடினார். இடது சிறுநீரகம் இல்லை. பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகம். முல்லர் குழாய்களும் சிறுநீரகமும் கருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்கின்றன. ஒன்றில் வேலை பிசகினால் மற்றதையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். ஒற்றைக் கொம்புக் கருப்பை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி ஏதாவது இருக்கும். முதல் படம் எடுத்த இடத்தில் இதை யாரும் தேடவே இல்லை. முப்பத்தொரு வயது வரை ஒரு சிறுநீரகத்தோடு கரப்பந்து விளையாடி, பாடம் படிப்பித்து, பனடோல் போட்டு வாழ்ந்திருக்கிறேன். அதில் ஆபத்தில்லை என்றார்கள். கர்ப்பத்தில் பிரஷரையும் சிறுநீரில் புரதத்தையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சில வலிமருந்துகளைக் கேட்காமல் போடக்கூடாது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். பயத்தில் இல்லை. பெயர் கிடைத்துவிட்டது என்று. மாமி மட்டும் 'வெட்ட ஒண்டும் இல்லையெண்டா அப்ப மருந்து என்ன?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. பைகோர்னுவேட்டுக்கு வயிற்றைத் திறந்து இரண்டு கொம்பையும் ஒன்றாக்கித் தைக்கும் ஸ்ட்ராஸ்மன் சத்திரசிகிச்சை என்று ஒன்று நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. இப்போது அதை மிகக் குறைவாகத்தான் செய்கிறார்கள். பெரிய தழும்பு, அதற்கேற்ற பலன் நிச்சயமில்லை. ஆக, மருந்து என்பது கண்காணிப்புத்தான்.

செப்டேட் என்று நிச்சயமானவர்களுக்கு நான் எதிர்ப்பாட்டுப் பாடவில்லை. தெரிந்த ஒருவர் சுவரை வெட்டி, அடுத்த வருடம் மகனைப் பெற்றார். ஆனால் வெட்டினால் பிள்ளை நிச்சயம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2021 இல் வெளிவந்த, நெதர்லாந்துக்காரர் முன்நின்று நடத்திய ஆய்வு ஒன்றில் செப்டேட் உள்ள 80 பெண்களைச் சீட்டுக்குலுக்கல் மாதிரி இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வெட்டியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும், வெட்டாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் உயிருள்ள பிள்ளை பிறந்தது. சிறிய ஆய்வு, அதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது, டொக்டர்மாருக்கிடையிலேயே இன்னும் இரண்டு கட்சி. ஆனால் சங்கிலியை அடகு வைக்க முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

மூன்றாவது முறை 2023 ஜூலையில் நின்றது. இம்முறை கர்ப்பிணி அட்டை எழுதும் முதல் நாளே கண்டி அறிக்கையைக் கொடுத்தேன். மிஸ் அட்டையின் மேல் சிவப்புப் பேனாவால் எழுதினார். அந்தச் சிவப்பு எழுத்து செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பதாம் கிழமையில் இரத்தம் பட்டது. முடிந்தது என்று நினைத்து, மாற்றுத்துணிகூட எடுக்காமல் போனேன். ஸ்கேனில் வலது கொம்பில் பிள்ளையின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இரத்தம் இடப்பக்கத்து வெறும் கொம்பிலிருந்து வந்திருக்கலாம் என்றார் வி.ஓ.ஜி. பிள்ளை ஒரு கொம்பில் இருந்தாலும் மற்றக் கொம்பும் தன் பாட்டுக்குச் சவ்வைத் தடிக்கவைத்துக்கொள்ளுமாம். இப்படிப் பட்டதெல்லாம் பயமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, ஒவ்வொரு தடவையும் போய்க் காட்ட வேண்டும். இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இரு கொம்போ இரட்டைக் கருப்பையோ உள்ளவருக்கு, கலைந்த கருவைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வதுதான் பாதுகாப்பு. பார்க்காமல் செய்தால் வெறும் கொம்பைச் சுரண்டிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஒற்றைக் கொம்புக்காரருக்கு வேறு ஓர் ஆபத்து. சிலருக்குப் பக்கத்தில் வளராத சின்னக் கொம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் கரு தங்கினால் அது தாங்காமல் வெடிக்கும். அவர்களுக்கு ஆறேழு கிழமையிலேயே பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எனக்கு உண்மையான பயம் கருப்பைக் கழுத்துத்தான். இரு கொம்பில் பிள்ளைக்கு இடம் குறைவு. கழுத்தும் சிலருக்குப் பலவீனம். ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் திறந்துகொள்ளும். என் மகன் போனது அப்படித்தான் என்று இப்போது விளங்கியது. பதினாறாம் கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை உள்ஸ்கேனில் கழுத்தின் நீளத்தை அளந்தார்கள். முதல் தடவை 34 மில்லிமீற்றர். பிறகு 30. இருபதாம் கிழமையில், அதாவது அதே கிழமையில், 22. இருபத்தைந்துக்குக் கீழே போனால் குட்டை. எனக்கு வலியே இல்லை, பாரம்கூட இல்லை. அளக்காமல் இருந்திருந்தால் இம்முறையும் நின்று சமைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அடுத்த நாளே முதுகில் ஊசி போட்டு, கழுத்தைச் சுற்றித் தையல் போட்டார்கள். சுருக்குப் பையின் வாயை நூலால் இறுக்குவது மாதிரி. அரைமணி நேரமும் ஆகவில்லை. இரவில் வைக்க 200 மில்லிகிராம் புரோஜெஸ்டரோன் குளிசையும் தந்தார்கள். வீட்டில் ஒரு சண்டை இதனால் வந்தது. மாமி என்னைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார். வி.ஓ.ஜி.யிடம் கேட்டதற்கு, 'பாரம் தூக்க வேண்டாம், நெடுநேரம் நிற்க வேண்டாம், மற்றப்படி நடந்து திரியட்டும். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் தையல் பலப்படப் போவதில்லை, காலில் இரத்தம்தான் உறையும்' என்றார். மாமி செங்கலை எடுத்தார். முகத்தை எடுக்கவில்லை.

ஆனால் இருபத்தெட்டாம் கிழமையிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணச் சொன்னபோது அந்த வேலையை மாமி தன் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு மா டின். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை. நான் 'ஓம்' என்றதும் ஒரு கொட்டை மற்ற டின்னுக்குப் போகும். சில நாள் காலைச் சாப்பாடு முடிவதற்குள் பத்தும் போய்விடும். ஒருநாள் மத்தியானம் வரை ஏழில் நின்றது. மாமி கொட்டையையும் பார்க்கிறார், என் முகத்தையும் பார்க்கிறார். பேசவில்லை. பிறகு ஒரே மூச்சில் மூன்று. 'விசர்ப் பிள்ளை' என்று வயிற்றைத் தட்டினார்.

முப்பதாம் கிழமையில் பிள்ளையின் தலை மேலே, குண்டி கீழே. பிரீச் என்பார்கள். இந்த வடிவத்தில் அது வழக்கம்தான். திரும்ப இடமில்லை. வெளியிலிருந்து தள்ளித் திருப்பும் முறை எனக்குச் சரிவராது என்றார்கள். பக்கத்தில் வயிறு தடவித் திருப்பிவிடும் ஓர் ஆச்சி இருக்கிறார். அவரிடம் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

முப்பத்துமூன்றாம் கிழமையில் இடுப்பு வலி வந்து வார்டில் வைத்தார்கள். பிள்ளையின் நுரையீரல் பழுக்க டெக்சாமெதசோன் ஊசி, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு தடவை. வலி தணிந்து வீட்டுக்கு விட்டார்கள். முப்பத்துநாலு முடிந்து நாலாம் நாள் இரவு நீர் உடைந்தது. இம்முறை ஆட்டோவைத் தேடவில்லை. 1990 க்கு அடித்தோம். இலவச அம்புலன்ஸ், நாடு முழுக்க ஒரே இலக்கம். கையில் ஃபைல் தயாராக இருந்தது. கடமையில் இருந்த டொக்டர் எனக்குப் புதியவர். என்னைக் கேள்வி கேட்க முன் சிவப்பு எழுத்தைத்தான் வாசித்தார். இரு கொம்பு, கழுத்தில் தையல், பிரீச், ஒற்றைச் சிறுநீரகம். 'தியேட்டர்' என்று ஒரு சொல்தான் சொன்னார். தையலை வெட்டியெடுத்து, சீசர் செய்தார்கள். வலிக்கு வழக்கமாக வைக்கும் டைக்ளோஃபெனக்கை எனக்கு வைக்காமல் வேறு கொடுத்ததும் அந்தச் சிவப்பு எழுத்தால்தான்.

மகள். 1 கிலோ 940 கிராம். முதல் நாள் பால் இழுக்கத் தெரியவில்லை. பிழிந்து, மூக்குக் குழாயால் விட்டோம். பிறகு சின்னக் கோப்பையால். சட்டையைக் கழற்றி நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். மாசி மாத வெக்கையில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வியர்த்துக்கொண்டு பதினோரு நாள். தாய்மாருக்கு வரும் மாமிகள் எல்லாம் மறைத்து வைத்துக் கொண்டுவந்த, பிள்ளைபெற்றவர்களுக்கான சரக்குத் தண்ணீர் வாசத்தில் அந்த வார்டே மணக்கும்.

தியேட்டரில் இன்னொன்றும் சொன்னார்கள். அடுத்த பிள்ளைக்கும் கழுத்து அளக்க வேண்டும், சீசர் தழும்பும் இருக்கிறது, குறைந்தது இரண்டு வருடம் விடுங்கள் என்று. இவருக்கு இன்னொரு பிள்ளை ஆசை. எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த இருபதாம் கிழமையை இன்னொரு முறை கடக்க வேண்டும் என்று நினைத்தாலே வாய் உலர்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

பிள்ளைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டு முறை பற்றிக் கேட்டார்கள். அன்று எங்கள் மிஸ் லீவு. வந்திருந்தவர் புதியவர், நல்ல பிள்ளை. 'அக்கா, லூப் போடுவம், அஞ்சு பத்து வருசத்துக்குக் கவலை இல்லை' என்றார். லூப் என்றால் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். எனக்கும் அது சுகமாகத்தான் பட்டது. திரையைக்கூட இழுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு அறையுள்ள வீட்டுக்கு ஒரு பூட்டு. லூப்பை ஒரு கொம்பில் வைத்தால் மற்றக் கொம்பு திறந்துதானே இருக்கும்? ஃபைலை எடுத்துக் காட்டினேன். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். உட்பக்கம் வடிவம் மாறிய கருப்பைக்கு லூப் வைப்பதில்லையாம். கையில் வைக்கும் இம்பிளான்ட் எழுதினார்கள்.

போகும்போது அந்தப் புதிய மிஸ் உறையின் மூலையைப் பார்த்து 'இது என்னக்கா, எலியா?' என்று கேட்டார்.

'மான்' என்றேன். அட்டையைத் திரும்ப வாங்கி, சிவப்புப் பேனாவால் 'லூப் வேண்டாம்' என்று எழுதித் தந்தார்.